அக்ரன் பள்ளி மாணவியரும் டாக்டர் டேவிட் மரைனும்

அயோடினை நாம் முதன்முதலாகக் கண்டது வேதியியல் ஆய்வகத்தில்தான். ஸ்டார்ச்சுக் கரைசலில் ஒரு சொட்டு விழுந்ததும் கருநீலம் பரவும் காட்சியை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அதே அயோடின் தைராய்டு சுரப்பிக்கு ஏன் வேண்டும் என்பதை விலங்கியல் வகுப்பிலும் படித்துவிட்டோம். ஆனால் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்று தலை எண்ணிக் காட்டிய மனிதரின் பெயரைத் தேர்வில் எவரும் கேட்பதில்லை. மதிப்பெண் கிடைக்காத அந்தப் பெயரைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

டேவிட் மரைன் 1880ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1905இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலுள்ள லேக்சைடு மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்கு வந்து இறங்கி மருத்துவமனைக்கு நடந்து போகும்போதே தெருவில் கண்டவர்களின் கழுத்தைக் கவனித்தாராம். பலருக்கு முன்கழுத்துக் கழலை. தெருநாய்களுக்கும் கழுத்து வீங்கியிருந்தது. எதைப் பற்றி ஆராயப் போகிறீர் என்று துறைத் தலைவர் கேட்டபோது, தைராய்டு சுரப்பியைப் பற்றி என்று அவர் உடனே விடை சொல்லிவிட்டார் என்பார்கள். பிறந்தது முதல் அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அது கண்ணில் படாத காட்சி. வெளியூரிலிருந்து வந்தவருக்குத்தான் பட்டது.

அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிய நிலப்பகுதி முழுவதுமே அந்நாளில் கழலைக்குப் பேர்போனது. பழங்காலப் பனிப்பாறைகள் மேல்மண்ணை அரித்துச் சென்றபோது அயோடினும் போய்விட்டது. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது பாலிலும் இறைச்சியிலும் இல்லை. உண்ணும் உணவிலிருந்து தைராய்டு சுரப்பி தனக்குரிய அயோடினைப் பெற முடியாதபோது, இருக்கும் கொஞ்சத்தையாவது பிடித்துக்கொள்ளத் தன் உருவத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அதுதான் கழலை.

அயோடினுக்கும் கழலைக்கும் உள்ள உறவை மரைன்தான் கண்டுபிடித்தார் என்று எழுதினால் அது மிகையாகிவிடும். 1811இல் பிரெஞ்சுக்காரரான கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்தார். 1820இல் ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே அதைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலருக்குக் குணம் தெரிந்தது. அளவு மீறியதால் சிலருக்குக் கேடும் விளைந்தது. ஆகவே அயோடின் ஒரு நஞ்சு என்ற அச்சம் மருத்துவர்களிடையே நெடுநாள் நின்றது. 1895இல் பாமன் என்ற ஜெர்மானியர் தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். மரைன் தொடங்கியது அங்கிருந்துதான்.

நாய்கள், ஆடுகள் முதலியவற்றின் சுரப்பிகளை எடுத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார். உலர்ந்த சுரப்பியின் எடையில் அயோடின் 0.1 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் சுரப்பியின் செல்கள் பெருகத் தொடங்குகின்றன என்று நிறுவினார். 1909, 1910ஆம் ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் ஒரு மீன் பண்ணையில் டிரௌட் மீன்களுக்குத் தொண்டையில் கட்டி கண்டது. அது புற்றுநோய் என்று பெரிய அறிஞர்களே கருதினார்கள். மரைன் அது வெறும் கழலை என்றார். தண்ணீரில் சிறிதளவு அயோடின் சேர்த்துக் கட்டிகளைக் கரைத்தும் காட்டினார். மீனுக்கு முடிந்தது பிள்ளைக்கும் முடியும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளில் இதைச் செய்ய முதலில் அனுமதி கேட்டார். கல்விக் குழு மறுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுப்பதா என்ற அச்சம். அவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குவாந்தே காலத்து அனுபவம் அப்படி. பிறகு, டயர்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற பக்கத்து நகரமான அக்ரன் இசைந்தது. கிம்பால் என்ற மருத்துவ மாணவர் உதவிக்கு வந்தார். மாணவர் என்ற சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன். முதல் உலகப் போர் காரணமாக மரைன் இராணுவப் பணிக்குச் சென்றபோது பள்ளி பள்ளியாக நடந்து வேலையைத் தொடர்ந்தவர் கிம்பால்தான்.

1917இல் ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த 3,872 மாணவிகளின் கழுத்தைச் சோதித்தார்கள். பூப்பெய்தும் வயதில் பெண்களையே இந்நோய் அதிகம் பற்றுவதால் மாணவிகளைத் தேர்ந்தார்கள். சுரப்பி சரியான அளவில் இருந்தவர்கள் 1,688 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வீக்கம்!

பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் சோடியம் அயோடைடு வீதம் பத்துப் பள்ளி நாட்கள் கொடுத்தார்கள். ஆண்டுக்கு இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1920இல் கணக்கு வெளிவந்தது. மருந்து உண்ட 2,190 பேரில் புதிதாகச் சுரப்பி பெருத்தவர்கள் 5 பேர். உண்ணாத 2,305 பேரில் 495 பேர். ஏற்கெனவே வீக்கம் இருந்து மருந்து உண்ட 1,182 பேரில் 773 பேருக்கு வீக்கம் குறைந்தது; உண்ணாத 1,048 பேரில் 145 பேருக்கே குறைந்தது. நஞ்சு என்று அஞ்சியதற்குக் கிடைத்தது, ஒரு சிலருக்குத் தோலில் கண்ட தடிப்பு மட்டும்.

இந்த எண்களைப் படித்த நாளிலிருந்து என் மனம் நிற்பது அந்த 495 பேரிடத்தில்தான். அவர்களிடமிருந்து மருந்தை எவரும் பறிக்கவில்லை. வீட்டில் வேண்டாம் என்றார்கள், அவ்வளவே. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அந்த 5 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. மறுத்த பெற்றோர் படிக்காதவர்களா, பயந்தவர்களா, படிவத்தை எவரும் விளக்கிச் சொல்லாதவர்களா, அந்த அட்டவணையைப் பார்த்து எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பள்ளியிலிருந்து வரும் தாள் எதுவானாலும் என் தாயார் என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பத்தியில் எங்கள் வீடும் இருந்திருக்கக் கூடும்.

நான் போட்டுப் பார்த்த ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 120 மைக்ரோகிராம் என்பது இன்றைய அளவு. மரைன் ஒரு நாளில் கொடுத்தது அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். சுரப்பி வேண்டியதைப் பிடித்துச் சேமித்துக்கொள்ளும், மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்பதால்தான் அது பலித்தது. அதைவிட நல்ல வழி, கொஞ்சத்தை நாள்தோறும் கொடுப்பது. நாள்தோறும் ஏழையும் பணக்காரனும் தவறாமல் உண்பது எது? உப்பு. சுவிட்சர்லாந்து 1922இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924இலும் அயோடின் கலந்த உப்பை மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கின. அவ்விரு முயற்சிகளுக்கும் அக்ரன் கணக்குத் துணையாக நின்றது.

கடல் உப்பில் அயோடின் இயல்பாகவே நிறைய இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படி இல்லை. கடல்நீரில் உள்ளதே மிகச் சொற்பம். பாத்தியில் வெயில் காய்ந்து உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி தங்குவதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் என் தாயாரிடம் இதைச் சொன்னபோது நம்பவே மறுத்தார்கள். இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து எதையோ கலக்க வேண்டுமா என்று கேட்டார்கள். ஆலையில் பொட்டாசியம் அயோடேட் தெளித்த பிறகே அது அயோடின் உப்பு ஆகிறது. வீட்டுக்கு வந்து சேரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்க 2006 முதல் நம் நாட்டில் தடையும் உண்டு.

மரைன் 1920இல் நியூயார்க் நகரின் மான்டிஃபியோரி மருத்துவமனைக்குச் சென்று 1945 வரை அங்கே ஆராய்ச்சி செய்தார். சில உணவுகளில் உள்ள சயனைடு சேர்மங்கள் கழலையை உண்டாக்குவது பற்றியும் ஆராய்ந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அவர் பெயர் நின்றது அக்ரனால்தான். அவர் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது கழுத்து வீக்கம் மட்டுமே. கருவிலும் சிறு வயதிலும் அயோடின் குறைந்தால் மூளையின் வளர்ச்சியே குன்றும் என்பது பின்னாளில் நன்கு தெளிவாயிற்று. கழுத்து வீங்கிய பிள்ளையை ஆசிரியர் கண்டுகொள்வார். கழுத்து வீங்காமல் பாடம் மட்டும் ஏறாத பிள்ளைக்கு மந்தம் என்ற பெயர்தான் மிஞ்சும்.

1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் மற்றப் பகுதிகளுக்கு அயோடின் உப்பும் வழங்கிப் பார்த்தார்கள். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை குறைந்தது. 1962இல் இந்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மரைனுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவர் 1976இல் காலமானார்.