காணாத நாடுகளைக் கண்முன் நிறுத்தியவர்

இங்கிலாந்தின் ஏவன் நதிக்கரையில் உள்ள ஸ்ட்ராட்போர்டில், கையுறை செய்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியரின் மகனாக 1564-ஆம் ஆண்டு வில்லியம் ஷேக்ஸ்பியர் பிறந்தார். 1616-இல் அவ்வூரிலேயே மறைந்தார். இடைப்பட்ட 52 ஆண்டுகளில் அவர் கடல் கடந்து அயல்நாடு சென்றதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆயினும் அவர் படைத்த மாந்தர் வெனிஸில் வணிகம் புரிகின்றனர், வெரோனாவில் காதலித்து மடிகின்றனர், எகிப்தில் அரசோச்சுகின்றனர்.

இம்முரண் பிற்காலத்தில் பெரும் ஐயத்துக்கு இடந்தந்தது. பல்கலைக்கழகம் புகாத கைவினைஞர் மகன் இந்நாடகங்களை எழுதியிருக்க இயலாது, பல நாடுகள் கண்ட உயர்குடியினர் ஒருவரே எழுதியிருத்தல் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்துக்கு அவரது வாழ்க்கையே விடையளிக்கிறது.

ஊர்ப் பள்ளியில் அவர் பெற்ற செல்வம் இலத்தீன். ஓவிட் என்னும் உரோமானியக் கவிஞர் வாயிலாகப் பழைய உலகம் அவருக்கு அறிமுகமாயிற்று. 1592-க்குள் அவர் இலண்டன் நாடக உலகில் பெயர் பெற்றுவிட்டார். அங்கு அச்சகம் நடத்திய ரிச்சர்டு ஃபீல்டு அவருடைய ஊரினர். ஷேக்ஸ்பியரின் முதல் காவியத்தை 1593-இல் அச்சிட்ட அவர், புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளைத் தாமஸ் நார்த்தின் மொழிபெயர்ப்பில் 1595-இல் மறுபதிப்பாக வெளியிட்டார். கிளியோபாத்ராவின் படகுப் பவனி அந்நூலிலிருந்தே மேடையேறியது. ஒத்தெல்லோவின் கதை, இத்தாலியரான சின்தியோ 1565-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் உள்ளது.

நூல்களோடு மனிதர்களும் துணைநின்றனர். 1604-ஆம் ஆண்டளவில் அவர் இலண்டனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் இல்லத்தில் தங்கியிருந்தார். 1612-இல் நீதிமன்றத்தில் அவர் அளித்த சாட்சியம் இதை உறுதி செய்கிறது. 1609-இல் வர்ஜீனியாவை நோக்கிச் சென்ற கப்பலொன்று புயலில் சிக்கிப் பெர்முடாத் தீவில் ஒதுங்கியது. தப்பியோர் தந்த செய்திகள் 'புயல்' நாடகத்துக்கு உரமாயின.

அவரிடம் பிழைகளும் உண்டு. 'குளிர்காலக் கதை'யில், கடலற்ற பொஹீமியாவுக்குக் கடற்கரை அமைத்தார். 1619-இல் நாடகாசிரியர் பென் ஜான்சன் இதைச் சுட்டிக்காட்டி எள்ளினார். அப்பிழையோ, மூலக்கதையான ராபர்ட் கிரீனின் 1588-ஆம் ஆண்டுப் புனைகதையிலேயே இருந்தது. அந்நாட்டை அவர் கண்ணால் கண்டறியவில்லை, நூலால் அறிந்தார் என்பதற்கு அதுவே சான்று.

எனினும், இடத்தின் புறத்தோற்றத்தில் பிழைத்தவர் அதன் உள்ளியல்பில் பிழைக்கவில்லை. வெனிஸின் கால்வாய்களை வருணிக்க அவர் முற்படவில்லை. அந்நகரின் செல்வம் அயல்நாட்டு வணிகரைச் சார்ந்தது; ஆகவே அவர்களுக்கும் சட்டம் பொதுவாக இருந்தாக வேண்டும். இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டார். ஷைலாக்கின் வழக்கை ஆளுநரும் எளிதில் தள்ளிவிட முடியாமைக்கு இதுவே காரணம். நகரின் உயிர்நாடியே நாடகத்தின் முடிச்சாக அமைந்தது.

கையுறைக் கடையில் தொடங்கிய வாழ்வு காணாத உலகை மேடைக்குக் கொணர்ந்தது இவ்வாறுதான். ஊன்றிப் படித்தார், பிறர் சொல்லக் கேட்டார், மனித இயல்பைக் கொண்டு எஞ்சியதை உய்த்துணர்ந்தார். படைப்பாளியின் பிறப்பையும் பயணத்தையும் மட்டுமே அளந்து அவனது ஆற்றலை மறுப்போர், இம்மூன்றையும் கணக்கில் கொள்வதில்லை.