12 கி.மீ. தார்ச்சாலையுடன் தொடங்கிய நாடு: போட்ஸ்வானாவை நிமிர்த்திய செரெட்சே காமா யார்?

கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது. பரப்பில் பெரும்பகுதி கலகாரி பாலைவனம். சுதந்திரம் கிடைத்த 1966-ல் நாடு முழுக்க இருந்த தார்ச்சாலை சுமார் 12 கி.மீ. மட்டும். பட்டப்படிப்பு முடித்த உள்நாட்டவர் வெறும் 22 பேர். தனிநபர் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 70 டாலர்.

இதுதான் தென் ஆப்பிரிக்காவுக்கு மேலே இருக்கும் போட்ஸ்வானா. உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. ஆனால் 1994-ல், ஐ.நா.வின் ‘மிகவும் பின்தங்கிய நாடுகள்’ பட்டியலில் இருந்து முன்னேறி வெளியே வந்த முதல் நாடும் இதுதான். நடுவில் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள அதன் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*நாலு வயதில் தலைவர்*

1921 ஜூலை 1-ம் தேதி, செரோவே ஊரில் பாமாங்வாட்டோ இனத்தின் அரச குடும்பத்தில் பிறந்தவர் செரெட்சே. அப்போது நாட்டின் பெயர் பெச்சுவானாலாந்து, பிரிட்டனின் பாதுகாப்புப் பகுதி. 4 வயதிலேயே அப்பா இறந்துவிட, தலைவர் பட்டம் இவருக்கு வந்தது. சிறுவன் வளரும் வரை சித்தப்பா ஷெகெடி காமா பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

தென் ஆப்பிரிக்காவில் பட்டம் முடித்து, ஆக்ஸ்ஃபோர்டு போய், அப்புறம் லண்டனில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். அங்கேதான் 1947-ல் ரூத் வில்லியம்ஸைச் சந்தித்தார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளர்க் வேலை பார்த்த வெள்ளையினப் பெண். தேவாலயத் திருமணத்துக்கு வழி கிடைக்கவில்லை. 1948 செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

*ஒரு கல்யாணமும் மூன்று அரசுகளும்*

சித்தப்பா கடுமையாக எதிர்த்தார். விவகாரம் ‘க்கோட்லா’ எனப்படும் ஊர்ச்சபைக்குப் போனது. முதலில் ஊரும் எதிர்ப்புதான். ஆனால் 1949-ல் நடந்த மூன்றாவது கூட்டத்தில் மக்கள் மனம் மாறி, ரூத்தோடு சேர்த்தே செரெட்சேவை ஏற்றுக்கொண்டார்கள்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு தென் ஆப்பிரிக்கா கலப்புத் திருமணத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பக்கத்து நாட்டில் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழ்வதை அந்த அரசால் சகிக்க முடியவில்லை. ரொடீசியாவில் இருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. போரில் நொடிந்திருந்த பிரிட்டனுக்கோ தென் ஆப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் வேண்டும். பேச்சுவார்த்தைக்கு என்று லண்டனுக்கு அழைத்துவிட்டு, 1950-ல் செரெட்சே ஊர் திரும்பத் தடை போட்டது. தலைமைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகே, 1956-ல் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்ப முடிந்தது. 2016-ல் வந்த ‘எ யுனைடெட் கிங்டம்’ படம் இந்தக் கதைதான்.

படம் சொல்லும் கதை பெரும்பாலும் இதுவரைதான். நமக்கு இதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம்.

*தலைநகரமே பக்கத்து நாட்டில்*

1962-ல் கட்சி தொடங்கினார். 1965 தேர்தலில் 31-ல் 28 இடங்கள். 1966 செப்டம்பர் 30-ல் சுதந்திரம், குடியரசுத் தலைவர் பதவி. கூடவே கடும் பஞ்சம்.

அவர் முன்னால் இருந்த நிலைமையைப் பாருங்கள். காலனி நிர்வாகம் நடந்த மாஃபெகிங் நகரமே தென் ஆப்பிரிக்காவுக்குள் இருந்தது. அதனால் காபரோனே என்ற புதுத் தலைநகரைக் கட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்குள் ஓடிய ரயில் ரொடீசியாவின் நிர்வாகத்தில். புழக்கத்தில் இருந்த பணம் தென் ஆப்பிரிக்க ராண்ட். சுற்றிலும் பெரும்பாலும் வெள்ளையர் ஆட்சி. சுதந்திர ஆப்பிரிக்காவோடு இருந்த ஒரே தொடர்பு, ஜாம்பியாவை நோக்கி கசுங்குலா என்ற இடத்தில் இருந்த சுமார் 150 மீட்டர் ஆற்று எல்லை. அதையும் படகில்தான் கடக்க வேண்டும்.

அரசின் அன்றாடச் செலவில் ஏறக்குறைய பாதியை பிரிட்டன் கொடுத்தது. சிம்பிளாகச் சொன்னால், தன்னை நாடு கடத்திய அரசிடமே அவர் கைநீட்ட வேண்டிய நிலை.

*உதவி வாங்கினார், எப்படி?*

செரெட்சேவும் அவருடைய நிதியமைச்சர் குவெட் மசீரேவும் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். முதலில் நாடு தனக்கான ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதும். வெளிநாட்டு உதவி அந்தத் திட்டத்துக்குள் பொருந்த வேண்டும். ஒரே நாட்டை நம்பி இருக்காமல் ஸ்வீடன், நார்வே, அமெரிக்கா, கனடா, உலக வங்கி என்று பல கதவுகளைத் தட்டினார்கள். 1969-ல் தென் ஆப்பிரிக்காவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசி, வருமானப் பங்கையும் கூட்டினார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே அன்றாடச் செலவுக்கு பிரிட்டனின் மானியம் தேவைப்படவில்லை.

ஜாம்பியா எல்லைக்குச் சாலை போட அமெரிக்க நிதி வந்தது. அந்த எல்லையே செல்லாது என்று தென் ஆப்பிரிக்கா ஆட்சேபம் சொன்னது. சாலை நிற்கவில்லை.

*வைரம் யாருக்குச் சொந்தம்?*

1967-ல் ஒராபா என்ற இடத்தில் டி பியர்ஸ் நிறுவனம் வைரம் கண்டுபிடித்தது. அந்த நிலம் யாருடையது தெரியுமா? செரெட்சேவின் சொந்த இனமான பாமாங்வாட்டோவுடையது. தன் மக்கள் மட்டும் பணக்காரர்களாக அவர் வழிவிட்டிருக்கலாம். ஆனால் கனிமம் மொத்தமும் நாட்டுக்கே சொந்தம் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. இனங்களை அதற்குச் சம்மதிக்க வைத்தவர் அவர். வைரத்துக்காக உள்நாட்டுப் போர் நடந்த ஆப்பிரிக்க நாடுகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

சுரங்கக் கம்பெனியில் அரசின் பங்கு முதலில் 15 சதவீதம். 1975-ல் மறுபடி பேசி 50 ஆக்கினார்கள். வரி, ராயல்டியும் சேர்த்தால் லாபத்தில் பெரும்பகுதி அரசுக்கு வந்தது. அந்தப் பணம் பள்ளி, கிளினிக், சாலை, குடிநீர் என்று போனது.

1975-ல் கூட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து லெசோத்தோ விலகியபோது, சொந்த வளாகம் கட்ட வீட்டுக்கு ஒரு மாடு கொடுங்கள் என்ற பிரசாரம் நடந்தது. மாடு இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் கொடுத்தார்கள். 1976-ல் நாட்டுக்குச் சொந்தப் பணம் வந்தது. பெயர் ‘புலா’. அர்த்தம், மழை.

*எல்லாமே சரியாகப் போச்சா?*

இல்லை. செலெபி-ஃபிக்வே செம்பு, நிக்கல் சுரங்கத்துக்கு உலக வங்கி, கனடா, அமெரிக்கா எல்லாம் கடன் கொடுத்தும், தொடக்கத்தில் இருந்தே நஷ்டம் துரத்தியது. 2016-ல் மூடப்பட்டு பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி பெரிய வருமானம்தான். ஆனால் அதற்காக, கோமாரி நோய் பரவாமல் இருக்கப் போட்ட நீண்ட வேலிகள் காட்டு விலங்குகள் தண்ணீர் தேடிப் போகும் பாதையை மறித்தன. வளர்ச்சியின் பலன் சான் பழங்குடியினருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஏற்றத்தாழ்வு இன்றும் அதிகம்.

*கடைசி வேலை*

1979-ல் ரொடீசியப் படை கசுங்குலா படகை மூழ்கடித்தது. கடலில்லாத ஒரு நாடு எவ்வளவு எளிதில் தனிமைப்படும் என்று எல்லோருக்கும் புரிந்தது. தென் ஆப்பிரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க 9 நாடுகளை ஒன்று சேர்க்கும் வேலையில் செரெட்சே முன்னால் நின்றார். 1980 ஏப்ரல் 1-ல் லுசாகாவில் அந்த அமைப்பு பிறந்தது. இன்றைய ‘சாடெக்’ கூட்டமைப்பின் முன்னோடி அதுதான். தலைமையகம் காபரோனே.

அப்போதே அவர் உடல்நிலை மோசம். ஜூலை 13-ல் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 59. வரக்கூடாது என்று ஒரு காலத்தில் தடுக்கப்பட்ட அதே செரோவேயில் அடக்கம் செய்யப்பட்டார். 1982-ல் திறந்த ஜ்வானெங் வைரச் சுரங்கத்தை அவர் பார்க்கவில்லை.

*இன்று ஏன் இவரைப் பேச வேண்டும்?*

ஆய்வகத்தில் தயாராகும் வைரம் மலிவாகக் கிடைப்பதால் போட்ஸ்வானாவின் வருமானம் அடி வாங்குகிறது. 2024 தேர்தலில் அவர் தொடங்கிய கட்சி முதன்முறையாக ஆட்சியை இழந்தது. ஒரே பொருளை நம்பி இருப்பதில் உள்ள ஆபத்து இப்போது கண்ணெதிரே தெரிகிறது. வைரத்துக்கு அடுத்து என்ன என்பதற்கு புதிய அரசு பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

அதே சமயம், படகு மூழ்கிய கசுங்குலாவில் 2021-ல் 923 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் சேர்ந்து, ஜப்பானும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கொடுத்த கடனோடு கட்டியது. லாரிகள் நாள்கணக்கில் படகுக்குக் காத்திருந்த இடத்தில் இப்போது சாலையும் ரயில் பாதைக்கான இடமும் இருக்கிறது.