வால்மீன் கண்ட வைணு பாப்பு

வானில் வால்மீன் தோன்றினால் கெட்டது நடக்கும் என்று அந்தக் காலத்தில் பயந்தனர். ஆனால், வால்மீனைக் கண்டுபிடித்ததற்காகப் பதக்கம் பெற்றவர் வைணு பாப்பு!

1927ல் சென்னையில் பிறந்தவர். அப்பா, ஐதராபாத் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலையில் படிக்கும்போது, 1949ல் பாப்பு எடுத்த வானப் படத்தில் புதிய வால்மீன் ஒன்று சிக்கியது. அதற்கு அவரது பெயரும், உடன் ஆராய்ந்த இருவரின் பெயர்களும் சூட்டப்பட்டன.

நாடு திரும்பியவர், 1960ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குனரானார். நட்சத்திரங்களை நன்றாகப் பார்க்க, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே, 234 செ.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்கப் பாடுபட்டார். அது முடியும் முன், 1982ல் காலமானார்.

1986ல் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அவர் உருவாக்கப் பாடுபட்ட அந்தத் தொலைநோக்கி வழியே, விஞ்ஞானிகள் இன்றும் வானத்தை ஆராய்கின்றனர்!