கள்ளச்சாராய வழக்கில் கொலைக் கைதி... சிறைப் பட்டறையில் பிறந்த துப்பாக்கி நுட்பம்! யார் இந்த 'கார்பைன்' வில்லியம்ஸ்?

கோவை மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர் தாண்டி பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் போனால், லேத் ஓடுற சத்தம் கேட்காத நாளே இருக்காது. பக்கத்திலேயே குருடம்பாளையத்தில் சிஆர்பிஎஃப் பயிற்சிக் கல்லூரி. இன்னொரு பக்கம், தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் கோவையும் ஒன்று. அதனால், புதுசா ஒரு கார்பைன் வருதுன்னு செய்தி வந்தாலே இந்தப் பக்கம் ஆர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

இந்திய ராணுவம் பல வருஷமா பயன்படுத்தி வந்த 9 மி.மீ. ஸ்டெர்லிங் வகை கார்பைனுக்குப் பதிலாக, டிஆர்டிஓ வடிவமைத்த 5.56 மி.மீ. கார்பைனைக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. எடை எவ்வளவு, எத்தனை தோட்டா பிடிக்கும் என்று பலரும் தேடிப் படிக்கிறார்கள். ஆனால், கார்பைன் என்ற சொல்லையே தன் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்ட ஒரு மனிதரின் கதை பலருக்கும் தெரியாது. அந்தக் கதையில் ஒரு கொலை இருக்கிறது, ஒரு சிறை இருக்கிறது, ஒரு லேத்தும் இருக்கிறது.

கார்பைன் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். ரைபிளின் தம்பி. குழல் நீளம் குறைவு, எடையும் குறைவு. குதிரை மேல் இருந்து சுடும் வீரர்களுக்காக முதலில் வந்தது. இன்று வீட்டுக்குள், வாகனத்துக்குள், குறுகலான சந்துக்குள் சண்டை போட வேண்டிய வீரர்களுக்கும் போலீஸாருக்கும் கொடுக்கப்படுகிறது.

யார் இந்த வில்லியம்ஸ்?

முழுப் பெயர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் 1900 நவம்பர் 13-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. கொல்லன் பட்டறைதான் பிடித்தது. வயதை மறைத்து கடற்படையில் சேர்ந்தார். உண்மை தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1918-ல் மார்கரெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, ரயில்வேயில் வேலை பார்த்தார்.

1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. அப்புறம் என்ன நடக்கும்னு நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காட்டுக்குள் ஊறல் போட்டு கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழில் சூடு பிடித்தது. வில்லியம்ஸும் அதில் இறங்கினார்.

1921-ல் நடந்தது என்ன?

1921 ஜூலை 22. வில்லியம்ஸின் சாராய அடுப்பைத் தேடி ஷெரிஃப் படை வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆல்ஃபிரட் ஜாக்சன் பேட் என்ற துணை ஷெரிஃப் குண்டடிபட்டு இறந்தார். அரசு வேலையைச் செய்யப் போன ஒரு மனிதர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவி விதவையானார்.

முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிறகு, இரண்டாம் நிலை கொலைக் குற்றத்தை வில்லியம்ஸ் ஒப்புக்கொண்டார். 20 முதல் 30 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கேலடோனியா சிறைப் பண்ணைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 21.

சிறைக்குள் லேத் கிடைத்தது எப்படி?

அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ஹெச்.டி. பீப்பிள்ஸ். இந்தக் கைதியின் கையில் ஏதோ வித்தை இருக்கிறது என்பதைக் கவனித்தார். சிறைப் பட்டறையில் வேலை செய்ய அனுமதித்தார். காவலர்களின் பழுதான துப்பாக்கிகளுக்கு உதிரிபாகங்களை வில்லியம்ஸே செய்து கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். கொலை வழக்கில் உள்ளே வந்தவர் கையில், காவலரின் துப்பாக்கி! இன்றைக்கு எந்த ஜெயிலிலும் இதைக் கற்பனைகூட செய்ய முடியாது.

பகலில் பட்டறை வேலை. இரவில், சேர்த்து வைத்த காகிதத்திலும் பென்சிலிலும் வரைபடம். வெளியே இருந்து அம்மா துப்பாக்கித் தொழில்நுட்பத் தகவல்களை அனுப்பி வைத்தார். இப்படித்தான் இரண்டு முக்கியமான யோசனைகள் உருவாயின.

முதலாவது, மிதக்கும் தோட்டா அறை. விலை குறைந்த .22 தோட்டாவின் சின்ன உதையைப் பெரிதாக்கி, பெரிய துப்பாக்கியின் பாகங்களையே இயக்க வைக்கும் வழி இது. பயிற்சியில் தோட்டாச் செலவு கணிசமாக மிச்சம்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம்: குறுகிய வீச்சு பிஸ்டன். கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் கொஞ்ச தூரம்தான் போகும். ஆனால் அது தட்டிய காய் நேராகக் குழிக்குள் ஓடும். அதேபோல, குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு பகுதி குட்டி பிஸ்டனைத் தட்டும். பிஸ்டன் கொஞ்சம்தான் நகரும். அது தட்டிய வேகத்தில் மற்ற பாகங்கள் பின்னால் போய், காலி தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிவிடும். பிஸ்டன் சின்னதாக இருப்பதால் துப்பாக்கியின் எடை குறைகிறது.

விதவையின் மனசு

வில்லியம்ஸை விடுவிக்கக் கோரி ஒரு முயற்சி தொடங்கியது. அதை ஆதரித்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர், இறந்த பேட் யாரின் கீழ் வேலை பார்த்தாரோ அந்த ஷெரிஃப். இன்னொருவர், பேட்டின் மனைவி. ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். சுமார் 8 ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, 1929-ல் வில்லியம்ஸ் வெளியே வந்தார்.

பிறகு கோல்ட், ரெமிங்டன் எனப் பெரிய நிறுவனங்கள் அவர் நுட்பத்தைப் பயன்படுத்தின. 1939-ல் வின்செஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

எம்1 கார்பைன்: உண்மையில் யார் செய்தது?

இரண்டாம் உலகப் போர் நேரம். டிரைவர், சிக்னல் பணியாளர், பீரங்கிக் குழுவினர் போன்றவர்களுக்கு லேசான ஆயுதம் ஒன்று அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. அப்போதைய காரண்ட் ரைபிள் சுமார் 4.3 கிலோ. பிஸ்டலோ தூரத்துக்கு உதவாது.

வின்செஸ்டர் குழு 13 நாளில் முதல் மாதிரியைச் செய்து காட்டியது. வில்லியம் ரோமர், ஃப்ரெட் ஹியூமெஸ்டன் போன்ற பொறியாளர்களின் உழைப்பு அது. யாரோடும் ஒத்துப்போகாத வில்லியம்ஸ் அந்த அவசர வேலையில் மையமாக இல்லை. ஆனால், உள்ளே இருந்த குறுகிய வீச்சு பிஸ்டன் அவருடையது. 1941-ல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. எடை சுமார் 2.4 கிலோதான்.

போர் அவசரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, கணக்கு இயந்திரம் செய்த ஐபிஎம், டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், பாட்டுப் பெட்டி செய்த ராக்-ஓலா எல்லாமே இந்தத் துப்பாக்கியைச் செய்தன. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல்! லேத்தும் ஆளும் இருந்தால் எதையும் செய்யலாம் என்பது கோவைப் பட்டறைக்காரர்களுக்குப் புதுசில்லை.

சினிமா செய்த வேலை

1952-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பில் 'கார்பைன் வில்லியம்ஸ்' படம் வந்தது. கார்பைனே ஒரே ஆளின் கண்டுபிடிப்பு என்ற பிம்பம் அதோடு பரவியது. குழுவின் உழைப்பு பின்னால் போனது. பேட்டின் பெயர் இன்னும் பின்னால் போனது.

1975 ஜனவரி 8-ல் வில்லியம்ஸ் காலமானார். அவருடைய பட்டறை இன்று ராலே நகரிலுள்ள வடக்கு கரோலினா வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குறுகிய வீச்சு பிஸ்டன் நுட்பம் இன்றைய நவீன ரைபிள்கள் பலவற்றிலும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது.

இந்தியாவில் இதை வாங்க முடியுமா?

முடியாது. ராணுவ வகை தானியங்கித் துப்பாக்கிகளைச் சாதாரண மக்கள் வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டம் அனுமதிக்காது. லைசென்ஸ் உள்ளவர்களும் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2019 திருத்தம். ஆர்வம் இருப்பவர்களுக்கு இருக்கும் சரியான வழி, ரைபிள் கிளப்பில் சேர்ந்து முறைப்படி பயிற்சி எடுப்பதுதான்.

அடுத்த முறை புது கார்பைன் படம் மொபைலில் வந்தால், எடையும் தோட்டா எண்ணிக்கையும் மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். திறமைக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்த ஒரு சிறை அதிகாரி, பெயர் மறைந்துபோன பொறியாளர்கள், கணவனைப் பறிகொடுத்த பிறகும் அந்தக் கைதியின் விடுதலைக்குச் சம்மதம் சொன்ன ஒரு பெண்... இத்தனை பேரும் அந்தக் குட்டித் துப்பாக்கியின் கதையில் இருக்கிறார்கள்.