காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் கோக்

க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய காசநோயை முன்வினைப் பயன் என்றனர் சிலர். பரம்பரை வியாதி என்றனர் பலர். தொற்றுநோயே எனச் சிலர் கூறியபோதும், அதற்குரிய கிருமியைக் கண்டவர் எவருமிலர். அக்கிருமியைக் கண்டு காட்டிய ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் அவர் பிறந்தார். பதின்மூன்று மக்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. கோட்டிங்கென் சர்வகலாசாலையில் பயின்று 1866-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1872 முதல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசாங்க வைத்தியராக இருந்தார். பகலெல்லாம் நோயாளரைக் கவனித்து, எஞ்சிய நேரத்தில் வீட்டிலேயே மைக்ராஸ்கோப்புடன் ஆராய்ந்து, கால்நடைகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி வரலாற்றை 1876-இல் விளக்கினார். அதன் பயனாக 1880-இல் பெர்லினில் உத்தியோகம் கிடைத்தது.

அங்கே காசநோயை ஆராயத் தொடங்கினார். இக்கிருமி எளிதில் சாயம் ஏற்காது; வளர்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும். பொறுமையே அவருக்குத் துணையாயிற்று. கிருமியைச் சாயமேற்றிக் கண்டார், பிரித்தெடுத்து வளர்த்தார், வளர்த்ததைப் பிராணிகளுக்குச் செலுத்தி அதே நோய் தோன்றக் கண்டார். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் அறிஞர் சபையில் இதனை வெளியிட்டார். அந்நாளே இன்று உலகக் காசநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 1883-இல் காலரா ஆராய்ச்சிக்காக எகிப்து சென்ற அவர், அங்கிருந்து நம் நாட்டுக் கல்கத்தாவுக்கும் வந்து பணியாற்றினார்.

அவர் வாழ்வில் ஒரு சறுக்கலும் உண்டு. 1890-இல் டியூபர்குலின் என்னும் மருந்தை, அதன் சேர்க்கையை வெளியிடாமலே அறிமுகம் செய்தார். நோயாளர் திரள்திரளாகப் பெர்லினை நாடினர். மருந்தோ குணமளிக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் விளைந்தது. நோயை மறைவிலிருந்து வெளிக்கொணர்ந்தவரே மருந்தை மறைத்துப் பழிக்கு ஆளானார். எனினும் அப்பொருள் பிற்காலத்தில் தொற்றை அறியும் சோதனைக்குப் பயன்பட்டது. 1905-இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27-இல் காலமானார். காசநோயை வெல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான்.

நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலந்து, அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கும். அதனைச் சுவாசிப்பதாலேயே நோய் தொற்றும். உண்ட தட்டினாலோ, தொட்ட கையினாலோ தொற்றாது. கிருமி புகுந்தோர் பலர் நோயுறுவதில்லை. ஊட்டக்குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம் உடையோருக்கு ஆபத்து மிகுதி.

நோயாளரை ஊருக்கு வெளியே ஒதுக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாற்றிய பெருமை சென்னைக்கு உண்டு. 1956-இல் அங்குத் தொடங்கிய ஆராய்ச்சி, ஆஸ்பத்திரியில் தங்குவோர்க்கு நிகராக வீட்டிலிருந்தே மருந்துண்போரும் குணமடைவர் என்றும், அதனால் குடும்பத்தார்க்கு ஆபத்து கூடுவதில்லை என்றும் உலகுக்கு உணர்த்தியது.

ஆயினும் பெண்ணுக்கு வரன் தடைப்படுமோ, அக்கம்பக்கத்தார் ஒதுக்குவரோ என அஞ்சி இருமலை மறைக்கும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. மறைத்த நோய் குழந்தைகளின் மார்பில் போய்த் தங்கும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து போதும். உடல் தேறியது என்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றக்கூடும். உடன் வாழ்வோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழவிக்குப் பி.சி.ஜி. ஊசி போடுக; இருமும்போது வாயை மூடுக; ஜன்னல்களைத் திறந்து வைப்போமாக.

கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டியவர் கோக். நாமோ கண்ணெதிரே தெரியும் நோயை மறைக்காதிருந்தாலே அவருக்குச் செய்யும் நன்றியாகும்.