இகெபானாவும் ஒரு தென்னாட்டுத் துறவியும்: யார் இந்த போதிசேனர்?

ஜப்பானிய மலர் அலங்காரக் கலையான இகெபானாவுக்கு தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் உண்டு. சென்னையில் ஒஹாரா பள்ளியின் கிளை வகுப்புகளும் கண்காட்சிகளும் நடத்தி வருகிறது. அப்படி ஒரு கண்காட்சிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பூ இல்லை, பூவைச் சுற்றி இருக்கும் காலி இடம். தட்டையான ஒரு கிண்ணம், அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்குள் ஊசிகள் பதித்த கென்சான் என்ற கனமான உலோகத் துண்டு. அதில் செருகிய ஒரு வளைந்த கிளை, இரண்டு மூன்று பூ, அவ்வளவுதான். மாட்டுத்தாவணியில் மல்லியை மூட்டை மூட்டையாகப் பார்த்துப் பழகிய மதுரைக் கண்ணுக்கு இதென்ன கஞ்சத்தனம் என்றுகூடத் தோன்றலாம்.

ஆனால் இந்தக் கிண்ணத்துக்கும் நம்ம பக்கத்து பூஜைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இகெபானா வளர்ந்தது புத்தர் முன்னால் பூ வைக்கும் வழக்கத்தில் இருந்து. அந்த வழக்கம் இந்தியாவில் தொடங்கி, சீனா, கொரியா வழியாக 6-ஆம் நூற்றாண்டில் பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பான் போனது. பெரும்பாலும் கை மாறிக் கை மாறித்தான் போனது. தென்னிந்தியாவில் பிறந்து தன் காலாலேயே ஜப்பான் வரை போய்ச் சேர்ந்தவராகப் பதிவில் இருப்பவர் போதிசேனர். நாரா நகரத்தின் பிரம்மாண்ட புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் அவர்தான்.

மதுரைக்காரரா?

இணையத்தில் தேடினால் பல பக்கங்கள் அவர் மதுரையில் பிறந்தவர் என்று அடித்துச் சொல்லும். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான பழைய ஆவணம், சீடர் ஷூயெய் 770-ல் எழுதிய நினைவுரை. அதன் தலைப்பிலேயே தென்னிந்தியப் பிராமண மடாதிபதி என்று இருக்கிறது. பிராமண குலம் என்கிறது, குலப்பெயரையும் சொல்கிறது. அதை பாரத்வாஜ என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். ஊர்ப்பெயர் மட்டும் அதில் கிடையாது. மதுரை என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

அதற்காக மதுரையைச் சட்டென்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். மணிமேகலை என்ற பௌத்த காப்பியத்தை எழுதிய சாத்தனார் மதுரையில் தானிய வியாபாரம் செய்தவர் என்பது மரபு. ஆனால் போதிசேனர் பிறந்த 704-ஐ ஒட்டிய காலத்தில் பாண்டிய நாட்டில் பௌத்தம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பு இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், பாண்டிய நாடு என்று அடையாளம் காணப்படும் பகுதியைப் பற்றி எழுதும்போது, அங்கே விகாரைகள் பெரும்பாலும் இடிந்து கிடப்பதாகவே குறிப்பிடுகிறார். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இன்றைக்கும் நாம் பார்க்கும் குகைப் படுக்கைகள் சமணர்களுடையவை. தென்னாட்டில் பிறந்த ஒரு பௌத்தத் துறவி அந்தக் காலத்தில் கிழக்கே பார்த்து நடந்ததில் ஆச்சரியம் இல்லை. இவருக்கு ஒரு தலைமுறை மூத்த தென்னிந்தியரான வஜ்ரபோதியும் கடல் வழியாகச் சீனா போய் அங்கேயே காலத்தைக் கழித்தவர்தான்.

போதிசேனர் சீனா போனது மஞ்சுஸ்ரீ போதிசத்துவரை வூதாய் மலையில் தரிசிக்க என்று மரபுக்கதை சொல்கிறது. சீனாவுக்கு வந்திருந்த ஜப்பானியத் தூதுக்குழுவின் தலைவர் தஜிஹி நோ ஹிரோனாரி அங்கேதான் அவரை ஜப்பானுக்கு அழைத்தார். உடன் சீனத் துறவி தாவோசுவான், இன்றைய மத்திய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டைச் சேர்ந்த புத்தெட்சு ஆகியோரும் கப்பல் ஏறினார்கள். 736-ல் கப்பல் ஜப்பான் கரையைத் தொட்டபோது அவருக்கு வயது 32.

கடலில் மிதந்த பூத்தட்டு

ஒசாகாவின் பழைய துறைமுகமான நானிவாவில் அவரை வரவேற்றவர் கியோகி. அந்தக் கால ஜப்பானில் மக்கள் செல்வாக்கு மிகுந்த துறவி. ஊர் ஊராகப் போய் பாலம் கட்டுவார், குளம் வெட்டுவார். நம்ம மதுரைப் பக்கத்து பாஷையில் சொன்னால் கண்மாய் வெட்டியவர். ஜனங்கள் பின்னாலேயே திரண்டதால் அரசே ஒரு கட்டத்தில் பயந்துபோய் அவரைத் தடை செய்திருந்தது.

இந்தச் சந்திப்பைப் பற்றி பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்புகளில் ஓர் அழகான கதை இருக்கிறது. துறைமுகத்துக்கு வந்த கியோகி, ஒரு நீர்ப்பாத்திரத் தொகுதியை எடுத்து, தூபம் ஏற்றி, பூ வைத்து, மேற்கே பார்த்து கடலில் மிதக்க விட்டாராம். அது அலையில் கண்ணுக்கு மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் படகு வருகிறது. அதற்கு முன்னால் அதே பாத்திரம், வைத்த பூ கலையாமல், வழிகாட்டிக்கொண்டே மிதந்து வருகிறது. படகில் போதிசேனர். இருவரும் நெடுநாள் நண்பர்கள் போலக் கை கோத்துக்கொண்டார்கள் என்கிறது கதை.

கதைதான், வரலாறு இல்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் அதற்கு அக்கா என்று பெயர். சமஸ்கிருதத்தின் அர்க்கம் என்ற சொல்தான் சீனாவைச் சுற்றிக்கொண்டு அக்கா ஆனது. நம் வீடுகளில் சந்தியாவந்தனத்தில் விடும் அர்க்கியமும் அதே வேர். தண்ணீர், அதில் பூ, அதை மரியாதையாக ஒருவர் முன் வைப்பது. இகெபானா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கதைக்கு வந்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்பது புரியும். நாம் அதே பூவை வாழை நாரில் நெருக்கித் தொடுத்து மாலையாக்கும் வழியில் போனோம். அவர்கள் ஒவ்வொரு தண்டையும் தண்ணீரில் தனித்து நிற்க வைக்கும் வழியில் போனார்கள்.

நாரா தலைநகரில் தாயான்ஜி கோயிலில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அவர் எப்போதும் ஓதியது அவதம்சக சூத்திரம். அவதம்சகம் என்றால் மலர்மாலை. ஜப்பானியர் அந்த மரபை கெகோன் என்கிறார்கள், அந்தப் பெயரின் முதல் எழுத்தும் பூவைக் குறிப்பதுதான்.

10,000 துறவிகள், ஒரு தூரிகை

அவர் வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. 735 முதல் 737 வரை பெரியம்மை ஜப்பானைச் சூறையாடியது. ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஃபுஜிவாரா சகோதரர்கள் 4 பேரும் ஒரே ஆண்டில் செத்துப்போனார்கள். கூடவே பஞ்சம், கலகம். நிலைகுலைந்த பேரரசர் ஷோமு, நாட்டைக் காக்க ஒரு மாபெரும் புத்தர் சிலை செய்யச் சொல்லி 743-ல் ஆணை போட்டார். சுமார் 15 மீட்டர் உயரம், ஏறத்தாழ 500 டன் செம்பு. வார்ப்பு வேலையே பல ஆண்டுகள் இழுத்தது. நன்கொடை திரட்ட முன்பு தடை செய்த அதே கியோகியைத்தான் அரசு கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. சிலை முடிவதற்குள், 749-ல், அவரும் போய்விட்டார்.

752-ல் தோடாய்ஜி கோயிலில் கண் திறப்பு விழா. நம்மூரில் சிலைக்கு ஸ்தபதி கண் திறப்பதுபோல, அங்கே தூரிகையால் கண்மணி தீட்டுவது வழக்கம். முறைப்படி ஷோமு செய்ய வேண்டியது. அரியணையை மகள் கோகெனுக்கு விட்டுக்கொடுத்திருந்த அவர் அப்போது நோயாளி. அதனால் கடிதம் எழுதி, முந்தைய ஆண்டுதான் சோஜோ என்ற உயர் பதவி பெற்றிருந்த போதிசேனரை அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். ஒரு தேசமே காசும் உழைப்பும் கொட்டிச் செய்த சிலைக்கு உயிர் கொடுக்கும் தூரிகை, 16 வருஷம் முன்பு கப்பலில் வந்து இறங்கிய ஒரு வெளிநாட்டுக்காரர் கைக்குப் போனது.

தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக் கயிறு கட்டப்பட்டிருந்தது. கீழே நின்ற அரச குடும்பமும் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அந்தப் புண்ணியத்தில் பங்கு கிடைக்கட்டும் என்று. சுமார் 10,000 துறவிகள் கூடியதாகப் பதிவு. மந்திர கானங்களில் ஒன்று சாங்கே, அதாவது பூத்தூவல். சம்பா துறவி புத்தெட்சு வழியாக வந்த ரின்யூ ஆட்டமும் அந்த விழாவில் இடம்பெற்றது.

அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன, தோடாய்ஜியின் ஷோசோயின் கருவூலத்தில். அந்தக் காலத்துப் பூத்தூவலுக்குப் பயன்பட்ட மூங்கில் பூக்கூடைகளும் அங்கே உண்டு. கருவூலப் பொருட்களில் சிலவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைப்பார்கள். சிலையும் மண்டபமும் 1180-ல் தீக்கிரையாகி, சிலையைச் சரிசெய்து 1185-ல் மறுபடி கண் திறந்தபோது, கோ-ஷிரகாவா எடுத்தது போதிசேனரின் அதே தூரிகையைத்தான்.

அப்படியானால் இகெபானாவைக் கொடுத்தவர் இவரா?

இல்லை. இகெபானாவின் மூத்த பள்ளியான இகெனோபோ, தன் தொடக்கத்தை கியோட்டோவின் ரொக்காகுதோ கோயிலோடும் 7-ஆம் நூற்றாண்டின் தூதர் ஓனோ நோ இமோகோவோடும் இணைத்துச் சொல்கிறது. அவர் போதிசேனருக்கு முந்தியவர். தனிக் கலையாக அது எழுத்தில் பதிவானது 1462-ல், இகெனோபோ சென்கெய் என்ற துறவியின் அலங்காரத்தைப் பார்க்க கியோட்டோ மக்கள் கூடியபோது. அது போதிசேனர் மறைந்து 700 ஆண்டுகள் கழித்து. ஒஹாரா பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, சோகெட்சு பள்ளி 1927-ல்.

ஜப்பானிய எழுத்தை உருவாக்கியதே அவர்தான் என்ற பேச்சும் இதே ரகம். கனா எழுத்துகள் உருப்பெற்றது 9-ஆம் நூற்றாண்டில். அ, இ, உ, எ, ஒ என்று நம் குறில் வரிசையிலேயே ஜப்பானிய உயிரெழுத்துகள் நிற்பது உண்மைதான். துறவிகளின் சமஸ்கிருதப் படிப்பே அதற்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர்களில் இவரும் ஒருவர், அவ்வளவே. ஆதாரமுள்ள சாதனையே மலையளவு இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப் பட்டங்கள் எதற்கு?

தோடாய்ஜி அவரை மறக்கவில்லை. ஷோமு, கியோகி, முதல் தலைமைத் துறவி ரோபென் ஆகியோரோடு சேர்த்து, அந்தக் கோயிலை நிறுவிய 4 மகான்களில் ஒருவராக அவரை வைத்திருக்கிறது.

அவர் ஊர் திரும்பவே இல்லை. 760-ல், மேற்குத் திசை பார்த்துக் கைகூப்பிய நிலையில் உயிர் பிரிந்தது என்று சீடரின் நினைவுரை சொல்கிறது. அமிதாப புத்தரின் சொர்க்கம் மேற்கே இருப்பதாக நம்பிக்கை. நாராவில் இருந்து பார்த்தால் இந்தியாவும் அந்தப் பக்கம்தான். தோமி மலையில் அடக்கம் செய்தார்கள். அங்கே உள்ள ரியோசென்ஜி கோயிலில் அவருடைய சமாதி இருக்கிறது. அந்த மலையைப் பார்த்ததும் புத்தர் உபதேசம் செய்த ராஜகிருகத்தின் கழுகு மலை அவருக்கு நினைவு வந்தது, அதனால்தான் கோயிலுக்கு அந்தப் பெயர் என்பது அங்கே சொல்லப்படும் கதை. இப்போது அந்தக் கோயிலுக்குப் பெரும்பாலானோர் போவது அதன் ரோஜாத் தோட்டத்தைப் பார்க்க.