கடிகாரம் பிரித்த சிறுமி, கம்பைலர் தந்த அம்மையார்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் என் மனக்கண்ணில் முதலில் வந்தது நம் கம்ப்யூட்டர் லேப்தான். முதலாமாண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் வர்க்கமூலத்தைச் சொல்லும் பத்து வரி சி புரோகிராம். கறுப்புத் திரையில் ஜிசிசி என்று அடித்து, ஃபைல் பெயரைக் கொடுத்து, என்டர் தட்டினேன். எழுதியதில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் வர்க்கமூலத்தைக் காணோம் என்று ஒரு எர்ரர் வந்து நின்றது. தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு அந்த இங்கிலீஷே பாதி புரியவில்லை. இரண்டு மணி நேரம் அதே பத்து வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பு நமக்கு ஆகாது, பேசாமல் ஊருக்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடு, எல், எம் என்று சேர்த்தார். ஓடிவிட்டது! அது என்ன மந்திரம் என்று தேடப் போய்த்தான் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வரலாறு என் கையில் கிடைத்தது.

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திருப்பிப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்ததைப் பிரித்தார். இப்படி வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் காலி! வாஸர் கல்லூரியில் படித்து, 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாஸரிலேயே பேராசிரியையாக இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனால் வயது அதிகம், எடையோ 15 பவுண்டு குறைவு. விடவில்லை, விதிவிலக்கு வாங்கிக்கொண்டு 1943-ல் சேர்ந்தார். மறு ஆண்டு அவரை அனுப்பிய இடம் ஹார்வர்டு. அங்கே 51 அடி நீளத்தில் மார்க் 1 என்ற இயந்திரம் காத்திருந்தது. அதற்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுத்தான் தர வேண்டும்.

போர் முடிந்தபின், 1949-ல் பிலடெல்பியாவில் யூனிவாக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்த எக்கர்ட்-மாக்லி கம்பெனிக்குப் போனார். அக்காலத்தில் நன்றாக ஓடிய துண்டுப் புரோகிராம்களை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால் அதைப் பார்த்துப் புதிய புரோகிராமில் கையால் எழுதுவார்கள். இடம் மாறுவதால் ஒவ்வொரு முகவரியையும் கூட்டிக் கழித்து மாற்ற வேண்டும். எழுதும்போதும் தப்பு, கூட்டும்போதும் தப்பு. இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டுமே என்று நினைத்தார் அம்மையார்.

அப்படி 1952-ல் பிறந்ததுதான் ஏ-0 என்ற கம்பைலர். எந்தத் துண்டு வேண்டும் என்று குறியீடு கொடுத்தால் போதும். நாடாவில் இருக்கும் நூலகத்திலிருந்து அதை எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, முழுப் புரோகிராமாகக் கோத்துத் தந்துவிடும். இன்டர்ப்ரெட்டர் முறை அதற்கு முன்பே யூனிவாக்கில் உண்டு. அது ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே பொருள் பார்க்கும். அதனால் வேகம் குறைவு. கம்பைலரோ ஒரே தடவை கோத்துக் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும். புரோகிராம் எழுதுவது மனிதர் வேலை, கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும் என்று சொல்லிப் பலர் அதைத் தொடவே இல்லை.

அவர் சளைக்கவில்லை. வியாபாரக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் குறியீடுகள் எதற்கு, சாதாரணச் சொற்களே போதுமே என்றார். செய்து காட்டும்போது ஆங்கிலத்தோடு நில்லாமல், பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் அதே கட்டளைகளைத் தந்து ஓட்டினார். இயந்திரத்துக்கு எந்த மொழியானாலும் ஒன்றுதான் என்று விளங்கவைப்பது அவர் எண்ணம். மேலதிகாரிகளோ மிரண்டுபோனார்கள்! கடைசியில் ஆங்கிலத்தில் மட்டும் ஃப்ளோ-மேட்டிக் வந்தது. 1959-ல் ஒரு குழு கோபால் மொழியை வடிவமைக்கத் தொடங்கியபோது அதற்குப் பெரும் அடித்தளமாக இருந்தது இதுதான்.

1966-ல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு வருடமே ஆறு மாதத்துக்கு என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! இடையில் ஒருமுறை ஓய்வு கொடுத்தும் மறுபடி அழைத்தார்கள். ரியர் அட்மிரலாக, 79 வயதில் விடைபெற்றார். அதன் பிறகும் வீட்டில் உட்காராமல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கூட்டங்களில் எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்சத் தூரம் அவ்வளவுதான் என்று கண்ணால் காட்டுவதற்காக. 1992 புத்தாண்டு தினத்தன்று காலமானார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எல், எம் என்றால் கணித நூலகத்தையும் சேர்த்துக் கோத்துக்கொள் என்று பொருள். ஏ-0 நாடாவில் செய்த அதே வேலை! நான் நூலகத்தைக் காட்டவில்லை, அது காணோம் என்றது. அவ்வளவுதான். என் அறிவில் குறை ஒன்றுமில்லை. அன்று அது தெரியாமல் ஊருக்குப் போக இருந்தேன்.

தம்பி, தங்கைகளே! இன்று ஒரு பட்டனைத் தட்டினால் புரோகிராம் ஓடுகிறது. கேட்டால் ஏஐ எழுதியே தருகிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு நாளாவது அந்தக் கறுப்புத் திரையில் நீங்களே கம்பைலரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எர்ரர் வந்தால் பயப்படாதீர்கள். உங்கள் முன்னால் ஒரு கடிகாரம் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவே.

அந்த லேப்புக்கும், அந்த அண்ணனுக்கும் என் வணக்கம்.